எடுக்கவும் முடியாமல், விடவும் முடியாமல்: யாழ்ப்பாணத்தில் ஆறு நாள்

முதல் நாள், வியாழன்

வெள்ளவத்தையில் இரவு எட்டரைக்கு ஏறிய பஸ் விடிய ஐந்தே முக்காலுக்கு இணுவிலில் இறக்கிவிட்டது. வழியில் அநுராதபுரத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். 5-ஆம் நூற்றாண்டில் பாளி உரையாசிரியர் புத்தகோசர் இருந்து ‘விசுத்திமக்கம்’ என்ற பௌத்த நூலை எழுதிய ஊர். அந்த நினைப்போடு இறங்கியவனுக்குக் கிடைத்தது ஆறிப்போன மரக்கறி ரொட்டி. சரி, பசிக்கு அது போதும்.

சின்னம்மா வீட்டுக்கு வந்து நாலு வருஷம். படலையைத் திறந்ததும் முதலில் வந்தது டைகர். அதற்கு வயதாகிவிட்டது. குரைப்பதா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டு வாலை மட்டும் ஆட்டியது. பின்னால் சின்னம்மா, கையில் விளக்குமாறு. “மெலிஞ்சு போனாய் மோனை” என்றார். போன தடவை வந்ததற்கு நான் ஏழு கிலோ கூடியிருக்கிறேன்.

வந்த காரியம் ஒரு கதிரை. விறாந்தையில் கிடக்கும் சித்தப்பாவின் சாய்மனைக் கதிரை. முதிரை மரம், நீண்ட கைகள், பிரம்பு பின்னிய படுக்கை. சித்தப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. பிரம்பு நடுவில் அறுந்து தொங்குகிறது. வலது கையில் வெள்ளை வட்டங்கள், ஒன்றின்மேல் ஒன்றாகப் பத்துப் பதினைந்து இருக்கும். கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணிக் கோப்பையை வருஷக்கணக்காக ஒரே இடத்தில் வைத்ததில் விழுந்தவை.

இந்தக் கதிரைக்காகத்தான் சின்னம்மாவின் பிள்ளைகள், ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சிக்கும் லண்டனில் இருக்கும் தம்பிக்கும் சண்டை. கப்பலில் அனுப்ப வேண்டும் என்கிறாள் அவள். அப்பாவின் மணம் அதில் இருக்கிறதாம். வீட்டுப் படியைத் தாண்டக் கூடாது என்கிறான் இவன். அவன் வாதம், மூத்த பிள்ளை என்பது. செத்தவீட்டுக்கு அவன் பத்து நாள் வந்து போனான். அவளுக்கு விசாப் பிரச்சினை, வர முடியவில்லை. குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் ஒரு மாதமாக இதே பேச்சு. சின்னம்மா யாருக்கும் சொல்லாமல் குறூப்பை விட்டு வெளியேறிவிட்டார். “உங்களுக்குத்தான் புத்த சமயம் தெரியும், ஒருபக்கம் சாயமாட்டீங்கள், போய்ப் பாருங்கோ அண்ணா” என்று இரண்டு பேரும் தனித்தனியே என்னிடம் சொன்னார்கள். ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தேரரிடம், ஒரு மூத்த பிக்குவிடம், கொஞ்சம் பாளியும் கொஞ்சம் தியானமும் கற்றதற்குக் கிடைத்த பட்டம்.

பின்னேரம் நாலரைக்குத் தொலைபேசி. ரொறன்ரோவில் அப்போது காலை ஏழு. சின்னம்மா போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு வெங்காயம் உரித்தார். மகள் பஸ்ஸுக்கு நின்றபடி பேசினாள். என்ன சமையல் என்பதில் தொடங்கி, கதிரையைக் காட்டச் சொல்வதில் முடிந்தது.

இரண்டாம் நாள், வெள்ளி

வெயில். நல்லூர்த் திருவிழா முடிந்து இரண்டு வாரம். கோயிலைச் சுற்றிப் போட்ட மணலில் இன்னும் கால் புதைகிறது, கடைகள்தான் இல்லை. கும்பிட்டுவிட்டு ஐஸ்கிரீம் குடித்துவிட்டு வந்தேன். அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

எழுத வேண்டியது இரவுச் சாப்பாட்டில் நடந்தது. புட்டும் சம்பலும் வைத்துவிட்டுச் சின்னம்மா சாதாரணமாகச் சொன்னார்: “அவர் செத்த அண்டைக்கு நீ ஏதோ அநித்தியம் எண்டு போட்டனி. நான் அது ஆரோ செத்த ஆளின்ரை பேராக்கும் எண்டு நினைச்சன். ரெண்டு சாவோ எண்டு பயந்துபோனன்.”

சிரித்தேன். அப்புறம் புட்டு தொண்டையில் நின்றது.

நடந்தது இதுதான். சித்தப்பா இறந்த செய்தி வந்தபோது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அழுகை இல்லை, பதற்றம் இல்லை. வேலை இருக்கிறது என்று செத்தவீட்டுக்கு வரவில்லை. போனில் நேரலையாகப் பார்த்தேன், அதுவும் பாதியில் நிறுத்தினேன். குறூப்பில் ‘அனைத்தும் அநித்தியம்’, எதுவும் நிலையில்லை, என்று எழுதினேன். தியானம் வேலை செய்கிறது, பற்று அறுகிறது என்று உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை வேறு.

தேரர் சொல்லித் தந்த ஒன்று ராத்திரி முழுக்கத் திரும்பத் திரும்ப வந்தது. பௌத்தத்தில் வளர்க்க வேண்டிய மனநிலைகள் நாலு: மெத்தா, கருணா, முதிதா, உபேக்கா. அன்பு, இரக்கம், பிறர் மகிழ்ச்சியில் மகிழ்தல், நடுநிலை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பகைகள் உண்டு என்கிறார் புத்தகோசர், ஒன்று தூரத்துப் பகை, இன்னொன்று பக்கத்துப் பகை. தூரத்துப் பகையை யாரும் அடையாளம் காணலாம். அன்புக்கு அது வெறுப்பு. பக்கத்துப் பகை சொந்தக்காரன் மாதிரி வரும். அன்புக்குப் பக்கத்துப் பகை ஆசை. உபேக்காவுக்குப் பக்கத்துப் பகை, ஒன்றும் விளங்காமல் வரும் அக்கறையின்மை. பார்க்க இரண்டும் ஒரே முகம். நான் இரண்டு வருஷமாக வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போட்டது இந்தப் பக்கத்து வீட்டுக்காரனுக்கு.

பற்று இருந்தால்தானே விடுவதற்கு? நான் எதையும் பிடிக்கவே இல்லை.

மூன்றாம் நாள், சனி

நயினாதீவு. பண்ணைப் பாலம் தாண்டி வேலணை, புங்குடுதீவு, பிறகு குறிகட்டுவான். பாதைக்கு இரண்டு பக்கமும் கடல். சோளகக் காற்று இன்னும் விடவில்லை, பஸ் யன்னலை மூட முடியாது, திறந்தால் முகத்தில் உப்பு. புங்குடுதீவில் பூட்டிய வீடுகளைவிடக் கூரையில்லாத வீடுகளே கூட. ஒரு வீட்டில் வாசற்படியைப் பிளந்துகொண்டு ஆலங்கன்று நிற்கிறது. அந்த வீட்டுக்கும் எங்கோ ஒரு வட்ஸ்அப் குறூப் இருக்கும்.

படகில் என்னைத் தவிர முக்கால்வாசிப் பேர் தெற்கிலிருந்து வந்த யாத்திரிகர், வெள்ளை உடை, கையில் தாமரை மொட்டு. இறங்கும்போது ஆடிய படகில் ஒரு சிங்களப் பாட்டி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். படி ஏறி முடிந்த பிறகும் விடவில்லை. கொஞ்ச தூரம் அப்படியே நடந்தோம்.

அம்மனைக் கும்பிட்டுவிட்டு நாகதீப விகாரைக்கு நடந்தேன். வெள்ளி நிறத் தூபி வெயிலில் கண்ணைக் குத்துகிறது. இந்த இடத்தின் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கதிரைச் சண்டையோடு வந்தவனுக்கு அது வேறு மாதிரிக் கேட்கிறது, ஏனென்றால் கதையே ஓர் ஆசனத்துக்கான சண்டை.

இலங்கையின் பழைய பாளி வரலாற்று நூலான மகாவம்சத்தின்படி, புத்தர் ஞானம் பெற்ற 5-ஆம் ஆண்டில் நாகதீபம் வருகிறார். மகோதரன், சூளோதரன் என்று இரண்டு நாக அரசர்கள், மாமனும் மருமகனும், ஒரு மணி ஆசனத்துக்காகப் படையோடு நிற்கிறார்கள். அவர் அறம் சொல்கிறார். அவர்கள் சமாதானமாகி ஆசனத்தை அவருக்கே கொடுக்கிறார்கள். அவர் அதை அவர்களிடமே வணக்கத்துக்குரிய பொருளாக விட்டுப் போகிறார்.

மணிமேகலையில் இதே கதை மணிபல்லவத்தில் நடக்கிறது. மணிபல்லவம் நயினாதீவுதான் என்பவர்களும் உண்டு, இல்லை என்பவர்களும் உண்டு. நான் அந்தச் சண்டைக்குப் போகவில்லை, ஒரு சண்டையே போதும். அதை எழுதிய சாத்தனார் அந்த இரண்டு அரசர்களையும் சொல்கிற விதம்தான் என்னை நிறுத்தியது. எங்களுடையது என்கிறார்கள், ஆனால் ‘எடுக்கல் ஆற்றார்’. தூக்க முடியவில்லை. ‘பற்று நீங்கலும் நீங்கார்’. விடவும் முடியவில்லை. ரொறன்ரோவுக்குக் கொண்டுபோகவும் முடியாது, இணுவிலில் வந்து அதில் இருக்கவும் முடியாது, விடவும் முடியாது. இதைவிடச் சரியாக எங்கள் வீட்டுப் பிரச்சினையை யாரும் சொன்னதில்லை.

அப்புறம் நடப்பதுதான் வேடிக்கை. மணிமேகலைப் புத்தர் நீளமாகப் பேசவில்லை. சண்டையை விடுங்கள், இது எமது என்று சொல்லிவிட்டு ஏறி இருந்துகொள்கிறார். அதன் பிறகுதான் அறம் சொல்கிறார். எல்லாவற்றையும் துறந்தவர் வாயில் ‘எமது’ என்ற சொல் எப்படி வந்தது? மர நிழலில் இருந்து அரை மணி நேரம் யோசித்தேன். எனக்கு மகாவம்சக் கதையைவிட இதுதான் பிடித்திருக்கிறது.

பாளியில் பற்றுக்கு உபாதானம் என்று சொல்வார்கள். அந்தச் சொல்லுக்கு எரிபொருள் என்றும் பொருள் உண்டு. நெருப்பு விறகை எரிக்கிறது என்கிறோம். விறகைப் பிடித்துக்கொண்டுதான் நெருப்பே நிற்கிறது. விறகு தீர்ந்தால் அணைகிறது, நிப்பானம் என்ற சொல்லே அணைதல்தான். மணிமேகலையில் வரும் பன்னிரண்டு நிதானங்களின், ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் காரணங்களின், வரிசையிலும் நுகர்வு, வேட்கை, பற்று என்று இது ஒழுங்காக வந்துவிடுகிறது. நல்ல தமிழ். நுகர்ந்தால் தாகம், தாகம் முற்றினால் பிடி. கோப்பியை நுகர்ந்தவன் மறுநாள் அதே நேரத்துக்குக் கோப்பி தேடுகிற கதை.

அம்மன் கோயில் அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர். பூசணிக்காய்க் கறியோடு வயிறு நிறையச் சாப்பிட்டேன். அமுதசுரபியை வைத்திருந்த ஆபுத்திரன் மணிபல்லவத்தில் தனியே மாட்டிக்கொண்டபோது, ஊட்ட யாரும் இல்லாத இடத்தில் தனக்கு மட்டும் சோறு தரும் பாத்திரம் எதற்கென்று அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் கிடந்து உயிரை விட்டான். இரண்டாவது தடவை சோறு கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்டேன்.

இரவு சின்னம்மாவிடம் ஆசனக் கதையைச் சொன்னேன். “என்ரை எண்டு சொல்லிப்போட்டு இருந்திட்டாரோ?” என்று சிரித்தார். “அந்தாள் வலு கெட்டிக்காரன்.”

நான்காம் நாள், ஞாயிறு

பிரம்பு பின்னுகிறவர் காலை எட்டு மணிக்குச் சைக்கிளில் வந்தார். அறுபது வயதிருக்கும். கரியரில் பிரம்புச் சுருள். ஒரு வாளித் தண்ணீர் கேட்டுச் சுருளை ஊறப்போட்டார். பழைய பிரம்பைச் சின்னக் கத்தியால் வெட்டி எடுத்தார், சட்டத்தில் இருந்த துளைகளை ஆணியால் குத்தித் துப்புரவாக்கினார். வெட்டி விழுந்த துண்டுகளை நான் கூட்டப் போனேன். சின்னம்மா தடுத்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு சொப்பிங் பையில் போட்டு அலுமாரிக்குள் வைத்தார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

முதலில் நெட்டுக்கு ஓட்டினார், பிறகு குறுக்கே. மறுபடி நெட்டுக்கு, மறுபடி குறுக்கே. அதன் பிறகு இரண்டு பக்கமும் மூலைக்கு மூலை. கடைசியில் சின்னச் சின்னக் கண்களாக விழுகிறது. இழை நழுவாமல் இருக்கத் துளைக்குத் துளை மரமுளை செருகுகிறார். ஒரு முளை வாயில், ஒன்று காதிடுக்கில். நான் ஓர் இழையை இழுத்துப் பிடித்து உதவப் பார்த்தேன். “இறுக்காதையுங்கோ தம்பி, பச்சைத் தண்ணியிலை ஊறினது. காயேக்கை தானாச் சுருங்கும். இப்ப இறுக்கினால் அறுந்துபோம்” என்றார். இதைத் தத்துவமாக்கக் கை துறுதுறுக்கிறது. வேண்டாம், அவர் பிரம்பைப் பற்றித்தான் சொன்னார்.

மத்தியானம் அவருக்குச் சோறு போட்டபோது கதிரையின் கதை வந்தது. 1995 ஒக்டோபர் 30. போரில் ராணுவம் நெருங்கி வர, வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிப் பக்கம் போன இரவு. சித்தப்பா இந்தக் கதிரையில் இருந்துகொண்டு வரமாட்டேன் என்றாராம். பிள்ளைகள் அழுத பிறகுதான் எழும்பினார். ஒரு சூட்கேஸ், ஒரு சைக்கிள். நாவற்குழிப் பாலத்தில் மழையோடு சனம், அடி வைக்க இடமில்லை.

“போகேக்கை வீட்டையும் பூட்டினம், படலையையும் பூட்டினம்” என்றார் சின்னம்மா. “திறப்பை இடுப்பிலை செருகிக்கொண்டு நடந்தனான். ஆறு மாசம் கொடிகாமத்திலை பள்ளிக்கூடத்துக்குள்ளை இருக்கேக்கையும் திறப்பு இடுப்பிலை. திரும்பி வந்து பார்த்தால் கதவே இல்லை. திறப்பு மட்டும் இருக்கு.”

பிரம்புக்காரர் தலையாட்டினார். அவரிடமும் அப்படி ஒரு திறப்பு இருந்திருக்க வேண்டும்.

கதிரை மூன்று ஒழுங்கை தள்ளி ஒரு மாமரத்தடியில் கிடந்ததாம், பிரம்பு இல்லாமல். சித்தப்பா தலையில் வைத்துத் தூக்கி வந்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. எல்லாவற்றையும் ஒருதடவை விட்டுப் பார்த்த ஆட்களுக்கு இந்தக் கதிரை என்ன பெரிய விஷயம் என்ற மாதிரி ஏதோ சொன்னேன்.

“விடுறதும் பறிகுடுக்கிறதும் ஒண்டே?” என்றார் சின்னம்மா. கோபமாக இல்லை. ரசம் வேண்டுமா என்று கேட்கிற குரலில்.

பதில் சொல்ல வாய் வரவில்லை. கை முறுக்கித் திறக்கப்பட்டவர்களைப் பார்த்துக் கை திறந்திருக்கிறது என்று சொன்ன மாதிரி. முறுக்கப்பட்ட கை அடுத்த தடவை இன்னும் இறுக்கித்தான் பிடிக்கும். எந்தச் சூத்திரத்திலும் துறவு என்றால் ஒருவர் தானாக வீட்டை விட்டு வெளியே போவதுதான். லவுட்ஸ்பீக்கரில் அறிவித்துப் போகச் சொல்வது இல்லை.

ஐந்தாம் நாள், திங்கள்

சித்தப்பாவின் சைக்கிளில் கந்தரோடை. பனைகளுக்கு நடுவே கவிழ்த்த கிண்ணங்கள் மாதிரிச் சின்னச் சின்னத் தூபிகள், பலது ஆள் உயரம்கூட இல்லை. 1917-இல் பி. ஈ. பீரிஸ் இங்கே தோண்டிப் பார்த்து எழுதினார். இன்று நிற்கும் வடிவம் பெரும்பாலும் பிறகு திருத்திக் கட்டியது. தமிழர்களும் பௌத்தர்களாக இருந்த காலம் ஒன்று உண்டு, மணிமேகலையே அதற்குச் சாட்சி. ஆனால் இன்று யாழ்ப்பாணத்தில் விகாரை என்றதும் யாருக்கும் முதலில் ஞாபகம் வருவது தத்துவம் இல்லை, காணி. தையிட்டியில் தங்கள் காணியில் விகாரை எழும்பிவிட்டது என்று சொந்தக்காரர்கள் போயா என்னும் பௌர்ணமி நாட்களில் வீதியில் இருந்து போராடுகிறார்கள். பற்றை விடச் சொன்னவரின் பெயரால் நிலத்தைப் பிடிப்பதை எந்த நிகாயத்தில், அவருடைய எந்த உரைத் தொகுப்பில், சேர்ப்பது? வாசலில் இளநீர் விற்றவர், “நீங்கள் புத்த சமயமோ?” என்று கேட்டார். “படிக்கிறேன்” என்றேன். ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு இளநீர் வெட்டினார். நல்ல இளநீர்.

பின்னேரம் சின்னம்மா பனங்களி பிசைந்தார், பணியாரத்துக்கு. வளவுப் பனையில் இது பழம் விழும் மாதம். முழங்கை வரை செம்மஞ்சள். நான் பக்கத்தில் இருந்து கதை சொன்னேன், மஜ்ஜிம நிகாயத்தில் 87-ஆவது சூத்திரம்.

சாவத்தியில் ஒருவருக்கு ஒரே மகன், செத்துப்போகிறான். தகப்பன் சுடலைக்குப் போய், எங்கே இருக்கிறாய் மகனே என்று அழுகிறார். புத்தரிடம் வருகிறார். பிரியமானவர்களால்தான் துயரம் வருகிறது என்கிறார் புத்தர். தகப்பனுக்குக் கோபம். பிரியமானவர்களால் சந்தோஷம் அல்லவா வருகிறது என்று எழும்பிப் போய்விடுகிறார். வழியில் சூதாடிகள் சிலர் இருக்கிறார்கள், அவர்களிடம் சொல்கிறார். நீங்கள் சொல்வதுதான் சரி என்கிறார்கள் அவர்கள்.

“சரிதானே” என்றார் சின்னம்மா. “செத்தவீட்டுக்காரனுக்குப் போய்ப் பாடம் எடுக்கிறதே?”

என்னைத்தான் சொன்னாரோ, தெரியவில்லை. நான் வேகமாகக் கதையில் வரும் அரசி மல்லிகைக்குத் தாவினேன். இந்தப் பேச்சு அரண்மனைக்குப் போகிறது. பசேனதி அரசனுக்கும் இது பிடிக்கவில்லை. அரசி மல்லிகை கேட்கிறாள், உங்கள் மகள் வஜிரி உங்களுக்குப் பிரியமா? பிரியம். அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால்? என் உயிரே மாறிப்போகும், துயரம் வராமல் இருக்குமா? அதைத்தான் அவர் சொன்னார் என்கிறாள் மல்லிகை. பிரியம் வைக்காதே என்று அவள் ஓர் இடத்திலும் சொல்லவில்லை.

“பொம்பிளை சொன்னால்தான் விளங்குது” என்றார் சின்னம்மா. களியை வழித்துவிட்டு, “அவருக்கு ஆரும் செத்தவையே? புத்தருக்கு?”

அவருடைய முதன்மைச் சீடர்கள் சாரிபுத்தரும் மொக்கல்லானரும் அடுத்தடுத்துப் போன பிறகு நடந்ததைச் சொன்னேன். கங்கைக் கரையில் பிக்குகளோடு இருக்கிறார். எல்லாரையும் பார்த்துவிட்டு, அவர்கள் இல்லாமல் இந்தச் சபை எனக்கு வெறுமையாகத் தெரிகிறது என்கிறார்.

சின்னம்மா கையை எடுத்துவிட்டார். “அப்ப அவருக்கும் தெரிஞ்சிருக்கு.”

“தெரிஞ்சது. ஆனால் அவருக்கு அதிலை சோகமோ புலம்பலோ இல்லையெண்டும் அதிலையே இருக்கு.”

“வெறுமையாத் தெரிஞ்சது, ஆனால் அழேல்லை.”

“ஓம்.”

“நீயும்தான் அழேல்லை. உனக்கு வெறுமையாத் தெரிஞ்சதே?”

எண்ணெய் காய்ந்துவிட்டது. முதல் பணியாரத்தைப் போட்டார். அது ஊதி எழும்பும் வரை இரண்டு பேரும் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் இல்லை என்றேன். “இப்ப தெரியுது” என்றும் சொன்னேன், இந்த விறாந்தையில் இருக்கத்தான் தெரிகிறது என்று. சின்னம்மா எனக்கு நாலு பணியாரம் வைத்தார், ஆறும் முன்னால் வாயில் போட்டுச் சுட்டுக்கொண்டேன்.

ஆறாம் நாள், செவ்வாய்

பிரம்பு நன்றாகக் காய்ந்துவிட்டது. தட்டினால் டங் என்கிறது. ஏழரைக்குப் பஸ், பையெல்லாம் கட்டியாகிவிட்டது. பணியாரம் மட்டும் இரண்டு கிலோ.

நாலரைக்குத் தொலைபேசி. இன்று தம்பியையும் அவள் இணைத்திருந்தாள், லண்டனில் நண்பகல். இரண்டு பேரும் என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். நான் ஏதோ பொதுவாகத் தொடங்கினேன். சின்னம்மா போனைச் சீனிப் போத்தலிலிருந்து எடுத்துத் தன் பக்கம் திருப்பினார்.

“கதிரை என்ரை” என்றார். “நான் போனாப்பிறகு சண்டை பிடியுங்கோ.”

கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு தங்கச்சி சிரித்தாள், அப்புறம் அழுதாள். தம்பி நெற்வேர்க் சரியில்லை என்றான். பிறகு வழக்கம்போல என்ன சமையல் என்ற பேச்சு வந்தது.

போனை வைத்ததும் சின்னம்மா அதில் இருப்பார் என்று எதிர்பார்த்தேன். இருக்கவில்லை. உலர்ந்த துணிகளைக் கொண்டுவந்து அதில் போடப் போனார், பிறகு மனம் மாறி மேசையில் போட்டார். “இருந்து பார், தாங்குதோ எண்டு” என்றார் என்னிடம்.

இருந்தேன். பின்னல் கொஞ்சம் முனகி, பிறகு முதுகை வாங்கிக்கொண்டது. “காலைத் தூக்கிக் கையிலை போடு. அவர் அப்பிடித்தான் இருப்பார்.” போட்டேன். முற்றத்துப் பலா, கிணறு, கிணற்றடியில் டைகர், மதிலுக்கு அப்பால் பனைகள். அவர் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். சின்னம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார். இரண்டு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை வலது கையில், அந்த வெள்ளை வட்டங்களின் மேல் வைக்கப் போனேன்.

“அதிலை வையாதை” என்றார். “வட்டம் விழும்.”

கோப்பையைக் கீழே வைத்தேன். டைகர் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போனது.